பேட்டர்ன் இல்லாம கலர் கலரா பின்னுறது: கத்துக்குறவங்களுக்கும் கத்துக்கொடுக்குறவங்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி

திருப்பூர்ல பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல 19 வருஷம் நின்னவ நான். டீஷர்ட்டோட உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடுன்னா அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பக்கம் தள்ளுறதுதான் வேலை. ரெண்டு நீலத்துக்கு நடுவுல இருக்குற நூலிழை வித்தியாசம் எல்லாம் தூக்கத்துல கூட கண்ணுல படும். அதே கண்ணை வச்சுக்கிட்டு ஃப்ரீஃபார்ம் நிட்டிங் பண்ண உக்காந்தேன் பாருங்க, முதல் ரெண்டு மாசம் பின்னினதை விட பிரிச்சதுதான் அதிகம், ஏன்னா எந்த ஷேடு வேரியேஷனைப் பாத்தா கை பதறுமோ அதுதான் இங்க சரக்கே. ஒரே சிவப்புல ஏழு சிவப்பு இருந்தா அது டேமேஜ் இல்ல, சொத்து.

ஃப்ரீஃபார்ம்னா என்னன்னா, கிராஃப் ஷீட் கிடையாது, மூணாவது வரில பச்சை போடுன்னு சொல்ல புக்கு கிடையாது, ஊசில தொங்குற துணியைப் பாத்து அடுத்த கலர் என்ன, எவ்ளோ தூரம்னு அங்கயே முடிவு பண்ணிட்டே போறது. கேக்க ஈஸியா இருக்கும். ஆனா எல்லாத்தையும் ஒரேடியா அவுத்து விட்டா கை அப்படியே நின்னு போகுது, இதை நான் என் மேலயும் பாத்தேன், என்கிட்ட கத்துக்கறவங்க மேலயும் பாத்தேன். அதனால நான் சொல்லிக் கொடுக்குற முறை ஒண்ணே ஒண்ணுதான்: ஒரு விஷயத்தை இறுக்கிக் கட்டிப் போடுங்க, இன்னொரு விஷயத்தை மட்டும் அவுத்து விடுங்க. கீழ வர்ற பயிற்சிகளுக்கு அடிப்படை இதுதான், எதைக் கட்டுறோம் எதை அவுக்குறோம்ங்கறது மட்டும் மாறும்.

இந்த வழில பேர் போனவர் கேஃப் ஃபாசெட். அமெரிக்காக்காரர், 1964ல இங்கிலாந்துக்குப் போனவர், அடிப்படைல ஓவியர். ஸ்காட்லாந்துல ஒரு மில்லுல கலர் கலரா கம்பளி நூலைப் பாத்து மயங்கி வாங்கிட்டார், பின்னத் தெரியாது. லண்டன் திரும்புற ரயில்ல கூட உக்காந்து வந்த ஒருத்தர்தான் அவருக்கு ஊசி பிடிக்கக் கத்துக் கொடுத்தது. 1988ல லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல அவருக்குத் தனிக் கண்காட்சியே வச்சாங்க. இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா அவர் பின்னலோட நுணுக்கத்துல பெருசா இறங்கவே இல்ல, பெரும்பாலும் பனியன் துணி மாதிரி வர்ற சாதா ஸ்டாக்கிங் ஸ்டிச்தான், வித்தையெல்லாம் கலர்ல. இன்னொரு கோஷ்டி இருக்காங்க, துண்டு துண்டா வளைச்சு வளைச்சு பின்னி, குரோஷாவும் சேத்து ஒட்டுவாங்க, அதுக்கு ஸ்க்ரம்ப்ளிங்னு பேரு, ஆஸ்திரேலியால ப்ரூடென்ஸ் மேப்ஸ்டோன் அதுல பெரிய கை. நான் இங்க சொல்லப் போறது முதல் வகை, கலர்தான் முக்கியம், கடைசில கொஞ்சம் ஷேப்பையும் உடைப்போம்.

தெரிஞ்சிருக்க வேண்டியது

ஊசில கண்ணி ஏத்தத் தெரியணும், நிட், பர்ல், கடைசில மூடத் தெரியணும், அவ்ளோதான். ஸ்டிச்சை நான் கண்ணின்னுதான் சொல்லுவேன். போட்டிருக்குற பனியனைக் கொஞ்சம் இழுத்து உத்துப் பாருங்க, முன்பக்கம் சின்னச் சின்ன வி வரிசையா நிக்கும், உள்பக்கம் அரை வட்டம் அரை வட்டமா புடைச்சிருக்கும். அதே துணிதான் கைல ஒரு வரி நிட், ஒரு வரி பர்ல்னு மாத்தி மாத்திப் போடுற ஸ்டாக்கிங் ஸ்டிச், மெஷின்ல ஆயிரக்கணக்கான ஊசி வட்டமா நின்னு பண்றதை நம்ம ரெண்டு ஊசில பண்றோம். பனியன் துணியை வெட்டினா ஓரம் சுருண்டுக்கும்ல, கைப்பின்னலும் அப்படியே சுருளும். அதனால ஆரம்பத்துல எல்லா வரியும் நிட் மட்டும் போடுங்க, அது கார்ட்டர் ஸ்டிச், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், சுருளாது. ரெண்டு வரி பின்னினா ஒரு மேடு விழும், வயக்காட்டு வரப்பு மாதிரி. நானும் வரப்புன்னேதான் சொல்லுவேன், இனி எங்க வரப்புன்னு வந்தாலும் ரெண்டு வரின்னு எடுத்துக்கங்க.

நூல் சேக்குறது

கடைல விக்கிற வூல் நூலோ அக்ரிலிக்கோ இருந்தா நேரா 4 மில்லிமீட்டர் ஊசில ஆரம்பிக்கலாம், எல்லாம் ஒரே தடிமனா இருக்கணும், அது ஒண்ணுதான் கண்டிஷன். ஆனா எங்க ஊர்ல வேற ஒரு வழி இருக்கு. காலர் பின்னுற மெஷினுக்கும் ஸ்ட்ரைப் ஓட்டுற மெஷினுக்கும் கலர் நூல் கோன்ல வரும், வேலை முடிஞ்சு மீதி நிக்குற கோனை கிலோ கணக்குல வாங்கிக்கலாம். பிரச்சினை என்னன்னா அது தலைமுடி மாதிரி மெல்லிசு, பல இழையைச் சேத்துப் பிடிச்சாத்தான் கை ஊசிக்கு ஆகும்.

எத்தனை இழைன்னு ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க, நானே கணக்குப் போட்டு வச்சிருக்கேன். கவுண்ட்ங்கறது நூல் எவ்ளோ மெல்லிசுன்னு சொல்ற நம்பர், நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. காட்டன் கவுண்ட்ல 30ன்னா ஒரு கிராமுக்கு சுமார் 51 மீட்டர் வரும், 20ன்னா 34 மீட்டர். கை ஊசிக்கு 4 மில்லிமீட்டர்ல நல்லா வர்ற நூல் கிராமுக்கு ரெண்டு மீட்டர் சுமாருக்கு இருக்கும். அப்போ 20 கவுண்ட்ல 16 இழை, 30 கவுண்ட்ல 24 இழை. காலர் நூல்ல 2/40னு லேபிள் ஒட்டியிருக்கும், அது 40 கவுண்ட் ரெண்டு இழை முறுக்கினது, கணக்குக்கு 20 கவுண்ட்தான், 16 இழை போதும். கெட்டியா வேணாம், மெல்லிசா 3 மில்லிமீட்டர் ஊசில பின்னணும்னா எல்லாத்தையும் பாதியாக்கிக்கங்க.

கிடைச்சா 2/40 மாதிரி முறுக்கின நூலையே எடுங்க. ஒத்தை இழை நூல்ல ஒரே பக்கமா முறுக்கு நிக்குறதால துணி ஒரு பக்கமா சாயும். சில பனியன் ரெண்டு தடவை துவைச்சதும் சைடு தையல் வயித்துக்கு முன்னால திரும்பி வந்து நிக்கும் பாத்திருப்பீங்க, அதே சங்கதிதான். கார்ட்டர் ஸ்டிச்ல இது பெருசா தெரியாது, ஸ்டாக்கிங் ஸ்டிச்ல சதுரம் பின்னினா சாய்சதுரமா வந்து நிக்கும், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

16 இழையை எப்படிச் சேக்குறது? பாவு ஓட்டுற மாதிரிதான். ரெண்டு சேரை தள்ளித் தள்ளிப் போட்டு, சேர் முதுகுல நூலைச் சுத்தி வாங்க, எட்டு சுத்து சுத்தினா 16 இழை. ரெண்டு முனைலயும் வெட்டினா ஒரே நீளத்துக்கு ஒரு கத்தை ரெடி. எல்லா இழையும் ஒரே இறுக்கத்துல இருக்கணும், ஒண்ணு ரெண்டு லூஸா இருந்தா பின்னும்போது அதுங்க மட்டும் வெளில நீட்டிக்கிட்டு நிக்கும். ஊசி முனை ரொம்பக் கூரா இருந்தா இழைக்கு நடுவுல குத்திக்கும், முனை கொஞ்சம் மழுங்கலா இருக்குற மூங்கில் ஊசி நல்லது.

பின்னுறதுக்கு முன்னாடியே சாயம் பாத்துருங்க. ஒவ்வொரு கலர்லயும் ஒரு முழம் எடுத்து வெள்ளை பனியன் துணில சுத்தி வெதுவெதுப்பான தண்ணில அரை மணி நேரம். சிவப்பு, கருநீலம், கருப்பு மூணும்தான் வழக்கமா மானத்தை வாங்கும். விடுற கலரை தண்ணி தெளியுற வரைக்கும் அலசிட்டு அப்புறம் சேருங்க. என் முதல் குஷன் கவர்ல இதைப் பண்ணாம விட்டேன், மஞ்சள் எல்லாம் ஒரே அலசுல ஆரஞ்சுக் கறை. மூணு வாரத்து வேலை.

கலரை எப்படிப் பாக்குறது

முதல்ல வெளிச்சம். செக்கிங்ல லைட் பாக்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதுல பகல் வெளிச்சம், கடை வெளிச்சம்னு மாத்தி மாத்திப் பாப்போம், ஏன்னா டியூப் லைட்டுல ஒண்ணா தெரியுற ரெண்டு பச்சை வெளில வந்தா ஒண்ணு மஞ்சளா ஒண்ணு நீலமா பிரிஞ்சு போகும். வீட்ல பாக்ஸ் எதுக்கு, பகல்ல ஜன்னல் பக்கம் உக்காந்து கலர் எடுங்க, ராத்திரி எடுத்ததை மட்டும் காலைல ஒரு தடவை பாத்துக்கங்க.

ரெண்டாவது, இதுதான் இந்தக் கட்டுரைலயே முக்கியம்: கலர் பேரை மறந்துட்டு வெளுப்பு, நடு, கருப்புன்னு மட்டும் பாருங்க. கருப்புன்னா இங்க அடர்த்தியானதுன்னு அர்த்தம். இருக்குற நூல் எல்லாத்தையும் தரைல பரப்பி போன்ல பிளாக் அண்ட் ஒயிட்ல ஒரு போட்டோ எடுங்க. ஆச்சரியமா இருக்கும், பளிச்சுன்னு சண்டை போடுற சிவப்பும் பச்சையும் போட்டோல ஒரே சாம்பலா கிடக்கும். அந்த ரெண்டை வச்சு சின்னச் சின்னதா பின்னினா தூரத்துல இருந்து பாக்க ஒண்ணுமே தெரியாது, சேறு மாதிரி ஆயிடும். போட்டோவை வச்சு மூணு குவியலா பிரிங்க. என் கைக்கு வர்ற அளவு பத்துல ஆறு பங்கு நடு, மூணு அடர்த்தி, ஒண்ணு வெளுப்பு. உங்களுக்கு வேற மாதிரி பிடிக்கலாம், ஆனா மூணும் சரிசமமா மட்டும் போடாதீங்க, கண்ணு எங்கயும் நிக்காது.

மூணாவது, திருஷ்டிப் பொட்டு. குழந்தைக்கு எல்லா அலங்காரமும் பண்ணிட்டு கன்னத்துல ஒரு கருப்பு வைக்கிறோம்ல, அந்த மாதிரி முழுத் துணிக்கும் ஒட்டாத ஒரு கலரை எடுத்து அங்கங்க ரெண்டு கண்ணி, நாலு கண்ணி. மொத்தமும் காவியும் மெரூனுமா போற துணில ஒரு துளி கிளிப்பச்சை. ஒரே இடத்துல வச்சா கறை மாதிரி இருக்கும், மூணு இடத்துல வச்சா வேணும்னே வச்சதுன்னு தெரியும். சுத்தக் கருப்பும் சுத்த வெள்ளையும் மட்டும் முதல் துணில வேணாம்னு சொல்லுவேன், ரெண்டும் வந்தா மத்த எல்லாரும் வாயை மூடிக்குவாங்க.

பயிற்சி 1: பைக்குள்ள கை

கட்டுறது: கலர். அவுக்குறது: ஒண்ணுமே இல்ல, கையைப் பழக்குறோம்.

4 மில்லிமீட்டர் ஊசில 40 கண்ணி ஏத்துங்க, 18ல இருந்து 20 சென்டிமீட்டர் அகலம் வரும். ஒரு வரிக்கு அகலத்தைப் போல மூணரை மடங்கு நூல் போகும், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை முழம். பூக்காரம்மா மாதிரி கைல முழம் போட்டு, ரெண்டு முழத்துல இருந்து ஆறு முழம் வரை வேற வேற நீளமா கத்தை வெட்டி, எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பைக்குள்ள போட்டு குலுக்குங்க. பாக்காம கையை விட்டு எடுக்குறது, அது தீர்ற வரைக்கும் நிட், வரி நடுவுல தீந்தாலும் சரி, அங்கயே அடுத்ததைச் சேத்து மேல போறது. எடுத்ததைத் திருப்பிப் போடக்கூடாது. ஆறு முழக் கத்தை ரெண்டு வரப்பு வரும், ரெண்டு முழம் ஒரு வரிக்குக் கொஞ்சம் கூட.

இது பண்றப்ப ஒண்ணு நடக்கும். ஐயோ இதுங்க ரெண்டும் சேராதேன்னு நினைச்சு பின்னுவீங்க, நாலு வரப்பு தாண்டிக் கீழ பாத்தா அந்த இடம்தான் நல்லா இருக்கும். பயம் போறதுக்கு இதை விட மருந்து இல்ல.

முனை சேக்குறது எப்படின்னா, கம்பளில எச்சில் தொட்டுத் தேச்சு ஒட்டுற வித்தை இருக்கு, காட்டன்லயும் அக்ரிலிக்லயும் அது நடக்காது. பழைய நூல் ஒரு சாண் மிச்சம் இருக்கும்போதே புது நூலையும் சேத்துப் பிடிச்சு அஞ்சு கண்ணி ரெண்டையும் ஒண்ணா பின்னுங்க, அடுத்த வரில அந்த ரெட்டைக் கண்ணியை ஒத்தையா எடுத்துக்கணும், மறந்தா கண்ணி எண்ணிக்கை ஏறிடும். 16 இழை நூல்னா இன்னும் அழகு, பழைய இழைகளை ஒவ்வொரு கண்ணிக்கும் ரெண்டு மூணா விட்டுட்டு புதுசை ரெண்டு மூணா எடுத்தா சேர்மானமே தெரியாது.

பயிற்சி 2: தாயக்கட்டை

கட்டுறது: எத்தனை வரப்பு. அவுக்குறது: கலர்.

தாயக்கட்டையை உருட்டுங்க, விழுற எண்ணிக்கைதான் வரப்பு. தாயம் விழுந்தா ஒரே வரப்பு, ஆறு விழுந்தா ஆறு, பன்னெண்டு விழுந்தா அன்னைக்கு அந்தக் கலருக்கு யோகம். கலரை மட்டும் நீங்க எடுக்கணும், மூணு குவியல்ல எதுல இருந்து வேணா. ஆனா எண்ணிக்கையைப் பாத்துட்டுதான் கலரை எடுக்கணும், அதுதான் சூட்சுமம். பன்னெண்டு வரப்புக்கு எந்தக் கலர் தாங்கும், ஒத்தை வரப்புக்கு எது நறுக்குன்னு இருக்கும்னு தானா யோசிக்க ஆரம்பிச்சுடுவீங்க, கலர் தியரி புக்குல நாலு சேப்டர் படிச்சாலும் வராது இது. கலரை எப்பவும் ஒரே பக்கத்துல மாத்துங்க, ஒரு பக்கம் கோடு நறுக்குன்னு வரும், மறுபக்கம் புள்ளி புள்ளியா உடைஞ்சு வரும். எனக்கென்னவோ அந்த உடைஞ்ச பக்கம்தான் பிடிக்குது.

பயிற்சி 3: இழையை மாத்துறது

இது பல இழை சேத்துப் பிடிக்கிறவங்களுக்கு மட்டுமே கிடைக்குற வரம். 16 இழைல ரெண்டு வரப்புக்கு ஒரு தடவை நாலு இழையை மட்டும் எடுத்துட்டு அடுத்த கலர்ல நாலைச் சேருங்க. நாலு மாத்துல முழுசா அடுத்த கலர். மயில்கழுத்து நீலத்துல ஆரம்பிச்சு கத்திரிப்பூ ஊதாவுக்குப் போறப்ப நடுவுல வர்ற எட்டுக்கு எட்டு கலவை இருக்கே, அந்தக் கலருக்கு ஷேடு கார்டுல பேரே கிடையாது. ஒண்ணுக்கொண்ணு எதிரான கலரைக் கலந்தா, உதாரணத்துக்கு ஆரஞ்சும் நீலமும், பக்கத்துல பாத்தா புள்ளி புள்ளியாவும் தள்ளி நின்னு பாத்தா மண் கலராவும் தெரியும். அதுவும் வேணும், எல்லாமே மினுக்கினா கண்ணு வலிக்கும்.

பயிற்சி 4: கோட்டை உடைக்கிறது

இதுவரைக்கும் வந்தது எல்லாம் பட்டை. பட்டையை உடைக்க ரொம்ப ஈஸியான வழி கண்ணியைத் தாண்டுறது. புதுக் கலர்ல பின்னும்போது மூணு கண்ணி நிட், நாலாவதைப் பின்னாம வலது ஊசிக்கு மாத்திடுங்க, பர்ல் போடப் போற மாதிரி ஊசியை விட்டு மாத்தணும், நூல் முன்பக்க வரில துணிக்குப் பின்னால இருக்கணும், திரும்பி வர்ற வரில அதே கண்ணியைத் தாண்டும்போது நூல் உங்க பக்கம் இருக்கணும். கீழ் வரியோட கலர் மேல ஏறி வந்து எட்டிப் பாக்கும். கைல எப்பவும் ஒரு நூல்தான், ஆனா பாக்குறவங்க ரெண்டு கலர்ல பின்னினதா நினைப்பாங்க. எங்க தாண்டணும்ங்கறதை எண்ணாதீங்க, தோணுற இடத்துல.

அடுத்தது நிஜமாவே ஒரு வரில ரெண்டு கலர். ஸ்டாக்கிங் ஸ்டிச்ல பண்ணுங்க. சின்னச் சின்னதா மாறினா, சும்மா இருக்குற நூலை பின்னால இழுத்துட்டே போகணும், அஞ்சு கண்ணிக்கு மேல இழுக்காதீங்க, காட்டன்ல நான் மூணோட நிறுத்திடுவேன், மாட்டி இழுத்துக்கும். பெரிய திட்டு திட்டா வேணும்னா ஒவ்வொரு திட்டுக்கும் தனி நூல், கலர் மாறுற இடத்துல பழைய நூலைப் புது நூல் மேல போட்டு, புதுசைக் கீழ இருந்து எடுங்க, இந்த ஒரு முறுக்கு விட்டுப்போச்சுன்னா அங்க ஓட்டைதான். நூலைச் சின்னக் கட்டையில எல்லாம் சுத்திட்டு உக்காராதீங்க, ரெண்டு கை நீளத்துக்கு வெட்டி பின்னால தொங்க விடுங்க, சிக்கினா வேணும்ங்கற நூலை மட்டும் உருவினா வந்துடும். பத்து நூல் தொங்கிட்டு இருந்தாலும் பிரச்சினை இல்ல, பாக்கத்தான் காளியாத்தா தலை மாதிரி இருக்கும்.

பயிற்சி 5: ஷேப்பை உடைக்கிறது

40 கண்ணில 30 பின்னி நிறுத்தித் திரும்பிடுங்க, திரும்பி வந்து மறுபடி 20ல திரும்புங்க, அப்புறம் 10ல. ஒரு பக்கம் தடிச்ச ஆப்பு மாதிரி துணி வரும். அதுக்கு மேல முழு வரி ஒரு புதுக் கலர் ஓட்டினா அந்தக் கோடு சாஞ்சு வரும். அடுத்த ஆப்பை எதிர்ப் பக்கத்துல போடுங்க, ஒரே பக்கமா போட்டுட்டே இருந்தா துணி விசிறி ஆயிடும். கார்ட்டர் ஸ்டிச்ல திரும்புற இடத்துல ஓட்டை பெருசா தெரியாது, அதனால தனியா ஒண்ணும் பண்ண வேண்டாம்.

இன்னொண்ணு மூலைச் சதுரம். ஜெர்மனிக்காரர் ஹார்ஸ்ட் ஷுல்ட்ஸ் இந்த ஒட்டு முறைல பிரமாதமா பண்ணவர். 31 கண்ணி ஏத்துங்க, 15, நடுவுல 1, 15. ஒரு வரி நிட். அடுத்த வரில 14 நிட், அப்புறம் ரெண்டு கண்ணியை ஒண்ணா நிட் போடுற மாதிரி ஊசியை விட்டு பின்னாம மாத்தி, அடுத்ததை நிட் பண்ணி, மாத்தின ரெண்டையும் அது மேல தூக்கிப் போட்டு, மீதி 14 நிட். இப்ப 29. திரும்பி வர்றது சும்மா நிட். அடுத்து 13, நடு, 13. இப்படி பதினஞ்சு தடவை குறைச்சா கடைசில ஒரு கண்ணி நிக்கும், எல் மாதிரி வளைஞ்ச கோடுகளோட ஒரு சதுரம் கைல இருக்கும். அடுத்த சதுரத்துக்கு இதோட ஓரத்துல இருந்தே வரப்புக்கு ஒண்ணா 15 கண்ணி எடுத்துக்கலாம், மீதி 16ஐப் புதுசா ஏத்திக்கங்க, தைக்குற வேலையே இல்ல.

கத்துக்கொடுக்குறது

சனிக்கிழமை மதியம் எங்க வீட்டுத் திண்ணைல மூணு பேர் வர்றாங்க, பத்தாவது படிக்கிற பொண்ணு, எதிர்வீட்டு அக்கா, ரிட்டையர் ஆன டைலர் அண்ணா ஒருத்தர். கத்துக்கிட்டதை விட கத்துக்கொடுத்ததுல நான் பண்ண தப்புதான் ஜாஸ்தி.

முதல் தப்பு, என் துணியைக் காமிச்சது. அடுத்த வாரம் மூணு பேரும் என் காவியும் மெரூனும் தூக்கிட்டு வந்தாங்க. இப்பெல்லாம் மூணாவது வாரம் வரைக்கும் என்னோடதை பீரோவுல பூட்டி வச்சுடுறேன்.

ரெண்டாவது, அந்தப் பொண்ணு, "அத்தை, அடுத்து என்ன கலருங்க?"ன்னு கேட்டா. நான் பெரிய இவளாட்டம், "உனக்கு என்ன தோணுது கண்ணு?"ன்னு திருப்பிக் கேட்டேன். அவ முகம் சுருங்கிப் போச்சு, பரீட்சைல கேள்வி கேட்ட மாதிரி. ஒண்ணும் தெரியாதவங்ககிட்ட நாப்பது கலரை முன்னால கொட்டி உன் இஷ்டம்ங்கறது தண்டனைதான். இப்ப என்ன பண்றேன்னா ரெண்டே ரெண்டு கத்தையை எடுத்து வச்சு, "இதா, இதா?"ன்னு மட்டும் கேக்குறேன். ரெண்டும் எனக்கு ஓகேன்னு தோணுற கலரா இருக்கக்கூடாது, ஒண்ணு நான் எடுக்கவே மாட்டேன்ங்கற கலரா இருக்கணும். அடுத்த வாரம் மூணு, அப்புறம் அஞ்சு, அப்புறம் குவியல். ஆறாவது வாரம் அவ என்னைக் கேக்கவே இல்ல, அவளே வீட்ல இருந்து பள்ளிக்கூட ரிப்பன் கிழிச்சு எடுத்துட்டு வந்து பின்னிட்டு இருந்தா.

டைலர் அண்ணா வேற ரகம். இஞ்ச் டேப் வச்சு ஒவ்வொரு பட்டையையும் அளப்பார், முக்கால் இஞ்ச், முக்கால் இஞ்ச், முக்கால் இஞ்ச். "ஏனுங்க அண்ணா, ஒண்ணு கூடக் குறைய போடுங்களேன்"னா, "கூடக் குறைய வந்தா ஆல்ட்ரேஷனுக்கு வந்துருமுங்க"ம்பார். நாப்பது வருஷப் பழக்கம், வாயால சொல்லி மாத்த முடியுமா? அவருக்காகத்தான் தாயக்கட்டையே வந்தது. கட்டை சொல்லுச்சுன்னா மனுசன் கேட்டுக்குறார், நான் சொன்னா கேக்கறதில்ல.

"நல்லாயிருக்காக்கா?"ன்னு யார் நீட்டினாலும் நல்லாயிருக்குன்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்க. செவுத்துல மாட்டி பத்தடி தள்ளி நின்னு, கண்ணை லேசா சுருக்கிப் பாக்கச் சொல்லுங்க, "முதல்ல உங்க கண்ணு எங்க போகுது?" அடுத்து எங்க போகுது? வெளிய போயிடுதா, சுத்தி வருதா? அவங்களே அங்க ஒரு அடர்த்தி வேணும்னு சொல்லிடுவாங்க. பிரிக்கணும்னு கை துறுதுறுத்தா ஒரு சட்டம் வச்சிருக்கோம், இன்னும் அஞ்சு வரப்பு பின்னிட்டு அப்புறம் பிரிக்கலாம். அஞ்சு வரப்பு போனப்புறம் பிரிச்சவங்க இதுவரைக்கும் எதிர்வீட்டு அக்கா மட்டும்தான், அதுவும் டிவி பாத்துட்டே பின்னி அஞ்சு கண்ணியைக் கோட்டை விட்டதால.

ஒரு சின்ன விஷயம், இடது கைப் பழக்கம் இருக்குறவங்களைப் பக்கத்துல உக்கார வைக்காதீங்க, எதிர்ல உக்கார வைங்க, கண்ணாடி பாக்குற மாதிரி அப்படியே பிடிச்சுக்குவாங்க.

பொருளாக்குறது

முதல்ல 40க்கு 40 சென்டிமீட்டர் குஷன் கவர், இல்லன்னா தோள் பை. காட்டன் கனமா இருக்கும், நீளமா ஸ்வெட்டர் போட்டா தொங்கித் தொங்கி முட்டிக்கு வந்துரும். எவ்ளோ நூல் வேணும்னு தெரியணும்னா 10க்கு 10 சென்டிமீட்டர் துண்டு பின்னி சமையல் தராசுல எடை போட்டு, குஷன் ஒரு பக்கத்துக்கு பதினாறால பெருக்குங்க, சேர்மானத்துக்குக் கொஞ்சம் சேத்துக்கங்க.

சட்டை கை, கழுத்துன்னு வளைவா வேணும்னா டைலர் அண்ணா சொல்லிக் கொடுத்த வழி: நியூஸ்பேப்பர்ல பேட்டர்ன் வெட்டித் தரைல போட்டு, சதுரம், ஆப்பு, பட்டை எல்லாத்தையும் அது மேல அடுக்கிப் பாக்குறது. இடைவெளி விழுற இடத்துல ஓரத்துல இருந்து கண்ணி எடுத்து அந்த இடத்துக்கு மட்டும் பின்னி நிரப்புங்க. பேப்பர் கோட்டைத் தாண்டக்கூடாது, அது ஒண்ணுதான் கட்டு. அகலம் இடத்துக்கு இடம் மாறினா பெரும்பாலும் அது நூல் தடிமனால, அந்தக் கலர்ல ரெண்டு இழையைக் கூட்டியோ குறைச்சோ பாருங்க. முடிச்சதும் நனைச்சு, துண்டுல சுருட்டி மிதிச்சு, பேப்பர் அளவுக்கு இழுத்துப் பரப்பிக் காய விடுங்க. கொடில தொங்க விடாதீங்க.

அப்புறம் பின்பக்கம் தொங்குற முனைங்க. மழுங்கின ஊசில கோத்து அதே கலர் வரப்புக்குள்ள போற திசைல நாலு கண்ணி, திரும்பி வர்ற திசைல நாலு கண்ணி ஓட்டிட்டு வெட்டுங்க. எரிச்சல் பிடிச்ச வேலை, கடைசில மொத்தமா உக்காந்தா ரெண்டு நாள் ஆகும், தினமும் பின்னி முடிச்சதும் அன்னன்னைக்கு முனையை அன்னன்னைக்கே முடிச்சுடுங்க. வெட்டின துணுக்கை எல்லாம் ஒரு டப்பால போட்டுட்டே வாங்க, குஷன் தைக்கும்போது பஞ்சோட சேத்து உள்ள அமுக்கிடலாம். என்னோடதுல அந்த ஆரஞ்சுக் கறை பிடிச்ச பழைய கவரும் உள்ளதான் இருக்கு.